இடம் தெரியும், பொருள் தெரியும், குணம் தெரியுமா?

வாசகரே, உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ என்றேனும் ஒருநாள் மார்பு எக்ஸ்ரே எடுக்க நேரலாம். ஓயாத இருமலுக்காக எடுக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுக்கலாம். வெளிநாட்டு வேலைக்கான உடற்சோதனைக்காகவும் எடுக்கலாம். பெரிய கவரைப் பிரித்ததும் கறுப்புப் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதனுடன் இருக்கும் ஒற்றைத் தாளைத்தான் எவரும் முதலில் படிப்பர். அத்தாளில் பின்வரும் வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “நுரையீரல் உறையைச் சார்ந்த கட்டி. விளிம்பு சீராக உள்ளது. தீங்கற்றதாகத் தோன்றுகிறது.”

இதைப் படிப்பவர் இரண்டு வகையில் இடறலாம். ‘கட்டி’ என்ற சொல்லில் கண்ணை நிறுத்தியவருக்கு அன்றிரவு உறக்கம் வராது. ‘தீங்கற்றது’ என்ற சொல்லில் நிறுத்தியவர் கவரைப் பீரோவின் மேல் போட்டுவிட்டு மறந்துவிடுவார். முன்னவர் வீணாக வருந்துகிறார். பின்னவர் வீணாக மகிழ்கிறார். இரண்டுக்கும் காரணம் அந்த வரிகளின் அளவுக்கு மிஞ்சிய சுருக்கம்.

ஒரு கதையையோ கவிதையையோ திறனாய்வு செய்கிறோம். ஒரு மருத்துவ வரியை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? அதிலுள்ள பெயர் எங்கிருந்து வந்தது, அடையாளங்கள் எவ்வளவு நம்பத்தக்கவை, முடிவு எவ்வளவு உறுதியானது என்று எடைபோட்டுப் பார்ப்போம்.

பூச்சும் சுவரும்

நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குப் புளூரா என்று பெயர். இது இரண்டு படலங்கள் கொண்டது. உட்படலம் நுரையீரலின் மேல் ஒட்டியிருக்கிறது. வெளிப்படலம் விலா எலும்புகளின் உட்புறத்தை ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில தேக்கரண்டி அளவு நீரே உண்டு. மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் படலங்கள் உராயாமல் வழுக்கிச் செல்ல இந்த நீர் உதவுகிறது.

ஒவ்வொரு படலத்தையும் ஒரு வீட்டுச் சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அடியில் செங்கல். பூச்சுக்கு ஒப்பானது மீசோதீலியம் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள். செங்கலுக்கு ஒப்பானது அதன் அடியில் இருக்கும் நார்த் திசு. பூச்சிலிருந்து கிளம்பும் கட்டி வேறு. செங்கலிலிருந்து கிளம்பும் கட்டி வேறு. கண்ணுக்கு இரண்டும் ‘சுவரில் உள்ள புடைப்பு’தான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் வழக்கு எளிதில் விளங்கும்.

உறையில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை வேறோர் உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுகளே. அங்கேயே பிறக்கும் கட்டிகள் குறைவு. அவற்றுள் சாதுவானவை இன்னும் குறைவு. ஆனால் அந்தச் சிலவற்றில் ஒன்றுதான் மருத்துவர்களை ஐம்பது, அறுபது ஆண்டுகள் சொற்போரில் ஈடுபடுத்தியது.

ஒரு பெயரின் வழக்கு

1931-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிளெம்பரர், ராபின் என்னும் இருவர், புளூராவிலேயே பிறந்த ஐந்து கட்டிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினர். இக்கட்டிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். ஒன்று உறை முழுவதும் பாய் விரித்தாற்போல் பரவுவது. அது பூச்சிலிருந்து, அதாவது மீசோதீலியத்திலிருந்து பிறப்பது என்றனர். மற்றது ஓரிடத்தில் உருண்டையாக நிற்பது. அது அடியிலுள்ள நார்த் திசுவிலிருந்து பிறப்பது என்றனர். சாயம் ஏற்றிய மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர அவர்களிடம் பெரிய கருவி ஏதுமில்லை. அவர்கள் சொன்னது பிற்காலத்தில் சரியென்றே ஆயிற்று.

ஆயினும் இடையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1942-இல் ஸ்டவுட், மரே என்னும் இரு புகழ்பெற்ற அறிஞர்கள், உருண்டையாக நிற்கும் இவ்வகைக் கட்டியின் துணுக்குகளைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பார்த்தனர். வளர்ந்து வந்த செல்கள் மீசோதீலியச் செல்களைப்போல் தோன்றின. எனவே இதுவும் பூச்சிலிருந்து பிறந்ததே என முடிவு கட்டி, ‘ஓரிட மீசோதீலியோமா’ என்று பெயரிட்டனர். செல்களைக் கலத்தில் வளர்ப்பது அன்று புதுமையான முறை. புதுக் கருவி சொன்ன சாட்சி, பழைய நுண்ணோக்கியின் சாட்சியை வென்றது.

இங்கே நம் திறனாய்வின் முதல் குற்றச்சாட்டை வைக்கலாம். கலத்தில் வளரும் செல், உடலில் இருந்த தன் வடிவத்தை அப்படியே காப்பாற்றுவதில்லை. மேலும், கட்டியை எடுக்கும்போது அதன் மேற்புறத்தில் போர்த்தியிருந்த மெய்யான மீசோதீலியச் செல்களும் துணுக்கில் ஒட்டி வந்திருக்கலாம். ‘போல் தோன்றியது’ என்பதை ‘அதுவே’ என்று கொண்டது, அறிவியலில் அடிக்கடி நேரும் பிழை. அறிஞர்களின் புகழ் அப்பிழைக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. இக்கட்டி பெரும்பாலும் சாதுவாக நடந்துகொண்டதால், ‘தீங்கற்ற மீசோதீலியோமா’ என்ற பெயர் நூல்களிலும் எக்ஸ்ரே அறிக்கைகளிலும் நிலைத்துவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1960-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் ஆகிய மூவர் ஒரு செய்தி வெளியிட்டனர். அந்நாட்டின் வட கேப் பகுதியில் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்தன. அத்தூசியோடு தொடர்புடையவர்களிடம் உறை முழுவதும் பரவும் மீசோதீலியோமா தோன்றுவதை 33 நோயாளிகளைக் கொண்டு அவர்கள் காட்டினர். அதுமுதல் மீசோதீலியோமா என்ற சொல், கல்நாரையும் மரணத்தையும் ஒருசேர நினைவூட்டும் சொல்லாயிற்று. கல்நாருக்கோ புகையிலைக்கோ தொடர்பே இல்லாத ஓர் உருண்டை நார்க்கட்டியை உடையவர், தம் அறிக்கையில் அதே சொல்லைக் கண்டால் என்ன நினைப்பார்? முன்னால் உள்ள ‘தீங்கற்ற’ என்ற அடைமொழியை அவர் நம்புவாரா, பின்னால் உள்ள பெயருக்கு அஞ்சுவாரா? ஒரே பெயரில் ஆறுதலும் அச்சுறுத்தலும்! தவறான பெயர் நோயாளியை மட்டுமன்றி, படம் பார்க்கும் மருத்துவரையும் குழப்பும்.

பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும், செல்லிலுள்ள புரதங்களைச் சாயத்தால் அடையாளம் காணும் முறையும் வந்தன. மீசோதீலியச் செல்லில் கட்டாயம் இருக்கவேண்டிய கெரட்டின் என்னும் புரதம் இக்கட்டியில் காணப்படவில்லை. அது நார்த் திசுக் கட்டியே என்பது தெளிவாயிற்று. 2013-இல் கடைசிச் சாட்சியும் வந்தது. பன்னிரண்டாம் நிறப்புரியில் அருகருகே இருக்கும் நாப்2, ஸ்டாட்6 என்னும் இரு மரபணுக்கள் முறைதவறி ஒட்டிக்கொள்வதே இக்கட்டியின் அடையாளம் என வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. இப்போது ஸ்டாட்6 புரதத்துக்கான சாயப் பரிசோதனை, துணுக்கை ஆராயும் இடங்களில் வழக்கமாகிவிட்டது. இன்று இதன் பெயர் ‘தனித்த நார்க்கட்டி’.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்டவுட்டும் மரேயும் அதே 1942-இல், இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த செல்களிலிருந்து பிறப்பதாக வேறொரு கட்டியையும் விவரித்து, அதற்கும் தனிப்பெயர் சூட்டினர். அப்பெயரில் அடங்கிய கட்டிகளுள் பலவும் இதே தனித்த நார்க்கட்டிதான் என்பது இன்று தெரிந்திருக்கிறது. ஒரே பொருளை ஒரே ஆண்டில் இரண்டு பெயர்களில் அவர்கள் சந்தித்திருக்கிறார்கள்!

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மார்புக் கட்டிகளின் வகைப்பாடு, மீசோதீலியோமா என்ற பெயருக்கு முன்னிருந்த ‘புற்றுத்தன்மை உடைய’ என்ற அடைமொழியையே நீக்கிவிட்டது. மீசோதீலியோமா என்றாலே புற்றுதான் என்பது அதன் பொருள். ஆகவே ‘தீங்கற்ற மீசோதீலியோமா’ என்பது இனித் தன்னைத்தானே மறுக்கும் சொற்றொடர். பழைய அறிக்கைகளிலும் பழைய நூல்களிலும் அதைக் காணும்போது, பெரும்பாலும் தனித்த நார்க்கட்டியைக் குறித்தது என்று எண்ணி, டாக்டரிடம் கேட்டுத் தெளிக.

படத்தின் சாட்சி

இனிப் படத்துக்கு வருவோம். இடம், பொருள், ஏவல் அறிந்து பேச வேண்டும் என்பார்கள் பெரியோர். மார்புப் படத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். கட்டி எங்கே இருக்கிறது? எதனால் ஆனது? எப்படி நடந்துகொள்ளும்? அதாவது இடம், பொருள், குணம்.

முதலில் இடம். இதைச் சொல்வதில் எக்ஸ்ரே ஓரளவு வல்லது. பாயின் அடியில் ஒரு தேங்காயை வைத்துப் பாருங்கள். பாய் தேங்காயின் மேல் ஏறி, இருபுறமும் மெல்லச் சரிந்து தரையைத் தொடும். தரைக்கும் சரிவுக்கும் இடையே வெளிப்புறத்தில் அமைவது விரிகோணம். மார்புச் சுவரிலிருந்தோ உறையிலிருந்தோ எழும் கட்டி, நுரையீரலை உள்நோக்கித் தள்ளும்போது இப்படித்தான் விரிகோணம் காட்டும். நுரையீரலுக்குள்ளேயே பிறந்து சுவரைத் தொடும் கட்டியோ, தரையில் வைத்த பந்தைப்போல் குறுங்கோணம் காட்டும்.

இரண்டாவது அடையாளம், பாதி மறைந்த விளிம்பு. வயல்வெளியில் ஒரு மணல்மேட்டை எண்ணுங்கள். ஒருபுறம் செங்குத்து, மறுபுறம் மெல்லிய சரிவு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் செங்குத்தான பக்கத்தின் கோடு தெளிவாகத் தெரியும். சரிவு எங்கே முடிகிறது என்று தெரியாது. எக்ஸ் கதிரும் அவ்வாறே. கட்டியின் விளிம்பை உரசிச் செல்லும் கதிர் கூரிய கோட்டை வரையும். சரிவின் ஊடே செல்லும் கதிர் கோடு வரையாது. ஆகவே ஒருபுறம் கூர்மையாகவும் மறுபுறம் கரைந்தும் தோன்றும் நிழல், பெரும்பாலும் நுரையீரலுக்கு வெளியே இருப்பது. நுரையீரலுக்குள் காற்று சூழ நிற்கும் கட்டி, எல்லாப் பக்கமும் கோடு காட்டும்.

அழகான விதிகள். ஆனால் நம் கட்டியிடம் இவை தடுமாறுகின்றன. தனித்த நார்க்கட்டி பெரும்பாலும் உட்படலத்தில் பிறந்து, ஒரு காம்பில் தொங்குவது. சிறியதாக இருக்கும்போது விரிகோணம் காட்டும். மரத்தில் தொங்கும் பலாவைப்போல் பெருத்துவிட்டால், சுவரோடு குறுங்கோணமே காட்டும். விதியை மட்டும் நம்பியவர், அதை நுரையீரலுக்குள் பிறந்த கட்டி என்று எழுதிவிடுவார். இரண்டு நுரையீரல் மடல்களுக்கு இடையே உள்ள பிளவில் பிறந்தாலும் இதே மயக்கம்தான். விதி பொய்யன்று, அது சிறிய கட்டிகளுக்கு உரியது. ‘சிறியதாயின்’ என்ற சொல்லை விட்டுவிட்டு விதியை மனப்பாடம் செய்வதே பிழை.

காம்பு தரும் சாட்சியை மட்டும் தனியாகப் பாராட்டவேண்டும். ஒரே ஆளை நிற்கவைத்தும் படுக்கவைத்தும் படம் எடுக்கும்போது, கட்டி இடம் மாறினால் அது காம்பில் தொங்குகிறது என்று பொருள். நுரையீரலுக்குள் புதைந்த புற்று இப்படி உலாவுவதில்லை. காம்புள்ளவை அறுவையில் எளிதாக முழுமையாக வெளிவருவதும், பின்னர் நல்லபடி முடிவதும் மிகுதி. விலை குறைந்த இச்சோதனை, விலை உயர்ந்த சில சோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

அடுத்து, பொருள். இங்கே வெறும் எக்ஸ்ரே வலுவிழந்து, சி.டி. ஸ்கேன் மேடைக்கு வருகிறது. இதை ஆக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-இல் கோர்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திசுக்கள் கதிரைத் தடுக்கும் அளவை எண்ணாகச் சொல்லும் அளவுகோலுக்கு அவர் பெயரே வழங்குகிறது. அதில் தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. கொழுப்பு, கழித்தல் 100-ஐ ஒட்டி நிற்கும். எனவே உறையை ஒட்டிய கட்டி முழுவதும் சீராக இந்த எண்ணைக் காட்டினால், அது கொழுப்புக் கட்டி. சந்தேகத்துக்கு இடமில்லை, பெரும்பாலும் ஊசி குத்தித் துணுக்கு எடுக்கவும் தேவையில்லை. படம் மட்டுமே தீர்ப்பு வழங்கக்கூடிய அரிய இடம் இது. ஆனால் கொழுப்பின் ஊடே தடித்த இழைகளும் திட்டுகளும் ஓடினால் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும். கொழுப்புத் திசுவின் புற்றும் அப்படித் தோன்றலாம்.

தனித்த நார்க்கட்டிக்கு இத்தகைய தனி எண் இல்லை. தசையை ஒத்த அடர்த்தி. இரத்த ஓட்டம் மிகுதியாதலால் மருந்து செலுத்தியதும் பளிச்சென ஒளிரும். பெரியதாயின், ஒளிரும் இடமும் ஒளிராத இடமும் கலந்து தேசப்படம்போல் திட்டுத்திட்டாகக் காணும். அத்திட்டுகள் புற்றிலும் உண்டு, சாதுவானதிலும் உண்டு.

இல்லாமை சாட்சியாகுமா?

மூன்றாவது, குணம். இங்கேதான் திறனாய்வு கூர்மையாக வேண்டும். ‘விளிம்பு சீராக உள்ளது, ஆகவே தீங்கற்றது’ என்ற வாதத்தில் உள்ள ‘ஆகவே’யை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்பதற்குச் சில எண்களைப் பாருங்கள்.

உறை பரவலாகத் தடித்திருந்த 74 நோயாளிகளின் சி.டி. படங்களை ஆராய்ந்து, லியுங் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 1990-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 39 பேருக்குப் புற்று. 35 பேருக்குத் தீங்கற்ற நோய். நுரையீரலைச் சுற்றி வளைத்து உறை தடித்திருத்தல் என்னும் அடையாளம், புற்று இல்லாத 35 பேரில் ஒருவரிடமும் காணப்படவில்லை. ஆகவே அந்த அடையாளம் இருந்தால் புற்று என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் புற்றுடைய 39 பேரில் அது இருந்தது 41 விழுக்காட்டினரிடமே. அதாவது 16 பேரிடம் இருந்தது. 23 பேரிடம் இல்லை. முடிச்சு முடிச்சாகத் தடித்தல், வெளிப்படலம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்தல், இதயப் பக்கத்து உறையும் தடித்தல் ஆகிய மற்ற அடையாளங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே.

இந்த ஆய்வு பரவலான தடிப்பைப் பற்றியது. ஒற்றைக் கட்டியைப் பற்றியதன்று. ஆயினும் அது கற்றுத்தரும் பாடம் பொதுவானது. தீமையின் அடையாளம் இருந்தால், அது வலுவான சாட்சி. தீமையின் அடையாளம் இல்லாவிட்டால், அது வலுவற்ற சாட்சி. வாசலில் பாம்பின் தடம் கண்டால் பாம்பு வந்தது உறுதி. தடம் காணவில்லை என்பதால் வீட்டில் பாம்பு இல்லை என்று சொல்லமுடியுமா? சீரான விளிம்பு என்பது ‘தடம் காணவில்லை’ என்ற செய்தியே.

போலிக் கட்டிகள்

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கட்டியே இல்லாத இடத்தில் கட்டியைக் காண்பது அது. இதயம் தளர்ந்தவர்களுக்கு, மடல்களுக்கு இடையே உள்ள பிளவில் நீர் தேங்கி, முட்டை வடிவில் அழகிய சீரான கட்டியைப்போல் படத்தில் தோன்றும். நீரைப் பிரிக்கும் மாத்திரை கொடுத்து மீண்டும் படம் எடுத்தால் ‘கட்டி’ மாயமாய் மறைந்திருக்கும். மருத்துவ நூல்களில் இதற்கு ‘மறையும் கட்டி’ என்றே பெயர். காசநோய் மிகுந்த நம் நாட்டில், அந்நோய் உறையைத் தாக்கிச் சென்ற பின் தங்கும் தடிப்பும், அறை பிரிந்து தேங்கிய நீரும் கட்டியாகத் தோன்றக்கூடும். கல்நார்த் தூசியைப் பல்லாண்டுகள் சுவாசித்தவர்களின் உறையில் சுண்ணாம்பு படிந்த தகடுகள் தெரியும். அவை கட்டிகள் அல்ல. விலா எலும்பை ஒட்டிய நரம்பில் எழும் கட்டியும், ஆறிய விலா முறிவும்கூட உறைக் கட்டிபோல் வேடமிடும். ஆகவே படத்தோடு நோயாளியின் கதையையும் சேர்த்துப் படிக்காத அறிக்கை, முதல் பக்கம் கிழிந்த நாவலைப் போன்றது.

‘தீங்கற்றது’ செய்யும் தீங்கு

சரி, தனித்த நார்க்கட்டி என்றே உறுதியாயிற்று என்று கொள்வோம். நுண்ணோக்கியிலும் சாதுவாகவே தெரிகிறது. இப்போதாவது ‘தீங்கற்றது’ என்ற சொல் பொருந்துமா?

1989-இல் இங்கிலண்ட், ஹோக்ஹோல்சர், மெக்கார்த்தி ஆகிய மூவர், அமெரிக்கப் படைத்துறையின் நோய்க்குறியியல் நிலையத்தில் சேர்ந்திருந்த 223 கட்டிகளை ஆராய்ந்தனர். 141 தீங்கற்றவை, 82 புற்றுத்தன்மை உடையவை. சிக்கலான கட்டிகளைக் கருத்துக் கேட்டு அனுப்பும் நிலையம் அது. ஆகவே அங்கே புற்றின் பங்கு கூடுதலாக இருந்ததில் வியப்பில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. புற்று எனப்பட்டவற்றிலும் 45 விழுக்காடு, அறுத்து எடுத்ததோடு குணமாயின. கட்டியின் முடிவைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெறுவது, அதை முழுமையாக எடுக்க முடிந்ததா என்பதே என்று அவர்கள் முடிவு கூறினர். மறுபுறம், நுண்ணோக்கியில் சாதுவாக இருந்த சில கட்டிகள், எடுத்துப் பத்தாண்டுகள் கழிந்த பின்னும் மீண்டும் முளைத்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சாது, கொடியது என்ற இரண்டு பெட்டிகளில் இக்கட்டியை அடைப்பதே பொருந்தவில்லை. ஒரு முனையில் சாது, மறு முனையில் கொடியது, இடையே பல படிகள் என்று நினைப்பதே மெய்க்கு நெருங்கியது.

இன்னொன்றும் உண்டு. எங்கும் பரவாத கட்டியும் தொல்லை தரும். மார்பின் பாதியை அடைக்கும் அளவு வளர்ந்தால் மூச்சுத் திணறும். சிலருக்கு விரல் நுனிகள் பருத்து, நகங்கள் கிளி மூக்குப்போல் வளையும்; மூட்டுகள் வலிக்கும். வாத நோய் என்று மருந்து உண்டவர்களுக்குக் கட்டியை எடுத்ததும் வலி நீங்கியதுண்டு. 1930-இல் டோகே, பாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே ஒரு விந்தையைப் பதிவு செய்தனர். உறையில் பெரிய கட்டி உடைய சிலருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். இன்சுலினை ஒத்த ஒரு வளர்ச்சிக் காரணியைக் கட்டியே சுரப்பதுதான் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. நீரிழிவு மருந்து எதுவும் உண்ணாதவர் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால், ஆராயவேண்டிய அரிய காரணங்களில் இதுவும் ஒன்று. மயங்கி விழுந்தவரிடம் ‘உங்கள் கட்டி தீங்கற்றது’ என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்?

எதிர்த்தரப்பு

நியாயமான திறனாய்வு எதிர்த்தரப்பையும் கேட்கவேண்டும். “இத்தனை ஐயங்களை அறிக்கையில் எழுதினால் நோயாளி நடுங்கிவிடுவார். ‘தீங்கற்றது’ என்பது அவருக்கு ஆறுதல். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கிறது” என்று மருத்துவர்கள் சொல்லக்கூடும். இதில் பாதி உண்மை உண்டு. இக்கட்டிகளில் பெரும்பாலானவை முழுமையாக எடுத்தபின் திரும்புவதில்லை. ஒவ்வொரு நிழலுக்கும் ஊசி, கத்தி என்று கிளம்பினால், கொழுப்புக் கட்டிக்கும் பிளவில் தேங்கிய நீருக்கும் மார்பைத் திறக்கும் அவலம் நேரும். அச்சமும் ஒரு தீங்குதான்.

ஆனால் ஆறுதல் என்பது மெய்யைச் சுருக்குவதால் வரவேண்டியதில்லை. “கட்டி உறையைச் சார்ந்தது; கொடிய அடையாளம் எதுவும் படத்தில் இல்லை; உறுதிப்படுத்த இன்ன சோதனை தேவை” என்று மூன்று சிறு வாக்கியங்கள் எழுதலாம். இடத்தைத் தெரிந்ததாகவும், பொருளை ஊகமாகவும், குணத்தைத் திறந்த கேள்வியாகவும் அவை வைக்கும். படிப்பவர் அஞ்சவும் மாட்டார். கவரைப் பீரோவின் மேல் போடவும் மாட்டார்.

உங்கள் பங்கு

வாசகரே, அறிக்கை எழுதுவது உங்கள் வேலை அன்று. ஆனால் கேட்பது உங்கள் உரிமை. இத்தகைய வரி உங்கள் கைக்கு வந்தால் மூன்றைக் கேளுங்கள். இது நுரையீரலிலா, உறையிலா, சுவரிலா? எதனால் ஆனது என்று படமே சொல்கிறதா, துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டுமா? எடுத்தபின்னும் எத்தனை ஆண்டுகள் பார்த்துவர வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஐந்தாண்டுக்கு முன் எடுத்த படத்தில் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அது பல சோதனைகளுக்கு ஈடான செய்தி. வளர்ந்திருந்தால், அதுவும் செய்தியே. கட்டியின் குணத்தை ஒரு படம் காட்டாது. காலம் இடைவிட்டு எடுத்த இரண்டு படங்கள் ஓரளவு காட்டும். மனிதரின் குணமும் முதல் பார்வையில் தெரிவதில்லை அல்லவா? பழகப் பழகத்தானே தெரிகிறது! பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கவரை இன்றே எடுத்துத் துடைத்து, தேதி தெரியும்படி பத்திரமாக வையுங்கள்.